பிடிவாதக் கரி

"வேல்சாமி, போன வாரம் வெறகை மாத்தினியா?"

அடுப்புக்கு மேலே சுவரில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தபடியே கேட்கிறார் முத்தாரம்மாள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், அரிசி மண்டிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டு அது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. தேய்த்த விரல்களை இப்போது காதருகே கொண்டுபோகிறார். புகைக்கரி பேசாது என்பது கல்லூரியில் ரசாயனம் கற்பிப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. கேட்டால், "தெரியும். இருந்தாலும் அது என்னமும் சொல்லி, நாம கேக்காம இருந்துரப்பிடாதுல்லா?" என்கிறார்.

"அதே மாவெறகுதாங்க்கா. மழையில நனைஞ்சு போச்சு" என்கிறார் வேல்சாமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்து கரண்டி பிடித்தவர்.

"நனைஞ்ச வெறகா! அது எனக்குத் தோணவே இல்ல பாத்தியா."

ஊகம் தப்பியதில் அவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. கைப்பையிலிருந்து ஒரு கோழி இறகையும் மாத்திரைக் குப்பியையும் எடுத்து, சுவரைக் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைத்து, கரியைக் குப்பிக்குள் இறக்குகிறார். வேல்சாமி பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு விசாரிக்கிறார்.

"போன தடவை குடுத்தது என்னாச்சுக்கா? நம்ம கரி பாஸாயிட்டா?"

"ஆச்சு. சீக்கிரமே எரிஞ்சு தீந்துட்டு."

வேல்சாமி மேஜை துடைப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார். "கேட்டியாலே? நம்மது நல்ல கரி."

இப்படி முத்தாரம்மாளுக்குக் கரி கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பியவர்கள்போலக் காத்திருக்கும் மனிதர்கள் திருவனந்தபுரம் முழுக்க இருக்கிறார்கள். கற்பூரத் தட்டைச் சுரண்டிக் கொடுத்த பூசாரி ஒருவர். செங்கல் சூளைக்காரர் ஒருவர். வித்துரா பக்கம் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கூடம் வைத்திருக்கும் ஒரு முதலாளி. அங்கே போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பும் நாட்களில், எவ்வளவு நெரிசலானாலும் தம் பக்கத்து இருக்கை காலியாகவே வரும் என்பார் முத்தாரம்மாள். உடம்பெல்லாம் அந்த வாடை. "காலை நீட்டிட்டு வரலாம் பாத்துக்கிடுங்க, மகாராணி கணக்கா."

இவர்கள் எல்லாரிலும் அக்கறை மிகுந்தவர் ஐயப்பன் என்ற பஸ் டிரைவர். சனிக்கிழமை சாயங்காலம் பணி முடிந்து வண்டியை ஓரங்கட்டியதும், முத்தாரம்மாள் வண்டியின் பின்னால் குனிந்து, புகைக்குழாய்க்குள் ஒரு நீண்ட கரண்டியை விட்டுச் சுரண்டுவார். போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "டீச்சரே, இது எந்து பிராந்தா?" என்று, இதென்ன பைத்தியமா என்கிற அர்த்தத்தில், ஒரு கண்டக்டர் மலையாளத்தில் கேட்டாராம். "பிராந்து இல்ல, பிஎச்டி" என்றாராம் இவர். ரெண்டும் ஒன்றுதான் என்று கண்டக்டர் சொல்ல, இவரும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முத்தாரம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பூதப்பாண்டியில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதற்குப் பதிலாகக் கறுப்பு நூல். சேலை எப்போதும் மாந்தளிர், கத்தரிப்பூ, அடர்பச்சை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும்போது யோசனையில் மூக்கைத் தொட்டுவிட்டால் அங்கே ஒரு கறுப்புப் பொட்டு விழும். மாணவிகள் சிரிக்கமாட்டார்கள். கடைசி மணி அடித்ததும் ஒருத்தி மட்டும் வந்து, "டீச்சர், மூக்கிலே" என்று சொல்லிவிட்டுப் போவாள். கரி டீச்சர் என்று தமக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். "நல்லவேளை, கந்தக ஆராய்ச்சிக்குப் போகல்ல" என்பது அவருடைய பதில்.

கணவர் அழகியநம்பிக்கு ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. வேட்டி, சட்டை, கைக்குட்டை என்று, குடைத்துணி ஒன்றைத் தவிர எல்லாமே வெள்ளை. அந்த வெள்ளைக்கு நீலம் போடுவதைக்கூட இன்னொருவர் கையில் விடமாட்டார். இப்படிப்பட்டவர் வீட்டில் இப்படிப்பட்டவர். வலியசாலைக் கோயிலிலிருந்து நாலு வீடு தள்ளித் திரும்பும் எங்கள் சந்தில், அவர்கள் வீட்டுக் கொடியில் ஒரு பக்கம் பால் மாதிரியும் மறுபக்கம் மழைமேகம் மாதிரியும் துணி காய்வதை நான் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருக்கும். "அது எல்லைக்கோடு" என்பார் நம்பி. "ரெண்டு அரசாங்கமும் ஒப்புக்கிட்டது."

இந்த அம்மாளுக்குக் கரியில் அப்படி என்ன?

ஒருநாள் நானே கேட்டேன். விறகோ எண்ணெயோ டீசலோ, முழுக்க எரியாமல் மிச்சம் விடுவதுதான் புகைக்கரி. அந்த மிச்சத்தை மறுபடியும் சூடாக்கிக் காற்றுக் கொடுத்தால் அதுவும் எரிந்துபோகும். ஆனால் ஒரு கரி சட்டென்று எரிந்து காணாமல் போகிறது. இன்னொன்று அதே சூட்டில், அதே காற்றில், அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது ஜாதிக்கு முத்தாரம்மாள் வைத்த பெயர் பிடிவாதக் கரி. "அதுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்னு தெரிஞ்சா, பஸ் குழாய்க்குள்ளயே கரியை எரிச்சுத் தீக்க ஒரு வழி பொறக்கும். ஊரு மூஞ்சி கறுக்காது. இல்லேன்னாலும் எனக்குத் தெரியணும் அண்ணாச்சி. தெரியாம எப்பிடி ஒறங்க?"

கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு சின்ன மின்சார உலையை வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்த மாலைகளில் அவர் இதைத்தான் செய்துவந்தார். ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சிட்டிகை கரி, மெதுவாகக் காற்று, அவ்வப்போது எடை. வழிகாட்டி, பேராசிரியர் பகவதிப்பெருமாள். கண்டிப்பும் கனிவும் கலந்த மனிதர், கரமனையில் வீடு. இருவரும் சேர்ந்து ஆரம்பத்திலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கரி என்பது கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளின் கூட்டம். உருண்டை சின்னதாக இருந்தால் வேகமாக எரியும்; பெரிதாக இருந்தால் மெதுவாக எரியும். பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைவதுபோல. கேட்கிற யாருக்கும் சரியென்றே படும். அதைக் கட்டுரையாக எழுதி இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். பேராசிரியர் அந்த இதழைத் தம் அறையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தார்.

கற்பூரக் கரி அதற்கு ஒத்துவந்தது. விறகுக் கரி ஒத்துவந்தது. விளக்கெண்ணெய்த் தீபத்தின் கரியும் ஒத்துவந்தது. ஐயப்பனின் பஸ் கரி ஒத்துவரவில்லை.

நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. அதை இயக்குகிற கோலப்பன் எடுத்துக்கொடுத்த படங்களில், பஸ் கரியின் உருண்டைகளும் விளக்கெண்ணெய்க் கரியின் உருண்டைகளும் ஒரே அளவு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அப்படியானால் இரண்டும் ஒரே வேகத்தில் எரிய வேண்டும். உலையில் போட்டால், விளக்கெண்ணெய்க் கரி தேநீர் கொதிப்பதற்குள் போய்விடுகிறது. பஸ் கரி தேநீர் குடித்து, டம்ளர் கழுவி, அடுத்த நாள் பாடத்துக்குக் குறிப்பெடுத்து முடித்தும் அப்படியே இருக்கிறது.

முதலில் உலையைச் சந்தேகித்தார். பிறகு தராசை. பிறகு டீசலில் உள்ள உப்பும் உலோகமும் வேலை காட்டுகிறதோ என்று அமிலத்தில் கழுவிப் பார்த்தார். ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்தெடுத்துப் பார்த்தார். ஐயப்பன் வண்டிக்கு மட்டும் இந்தக் குணமோ என்று வேறு வண்டிகளிலும் சுரண்டினார். இதில் ஐயப்பனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். "எங்க வண்டியிலெ விஸ்வாசமில்லே அல்லே?" என்று கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை பேசாமல் இருந்தாராம். எந்த வண்டியின் கரியானாலும் அதே பிடிவாதம் என்று தெரிந்ததும்தான் ஐயப்பன் சமாதானமானார்.

ஒருநாள் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"முத்தாரம்மா, அந்தப் பஸ் கரியை எடுத்துரு."

"எங்கேருந்து சார்?"

"தீசிஸ்லேருந்து. மத்ததெல்லாம் ஒரே கோட்டுல நிக்கி. இது ஒண்ணுதான் வெளிய நிக்கி. டீசல் வேற சங்கதி, அது இந்த ஆராய்ச்சியில வராதுன்னு ஒரு வரி எழுதிட்டா போதும். நான் வாற மார்ச்சில ரிட்டயர் ஆறேன். அதுக்கு முன்ன நீ டாக்டராயிட்டா, ஒங்க டிப்பார்ட்மென்ட் ஹெட் ஸ்தானம் ஒனக்குத்தான். வச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுத?"

அவர் சொன்னதில் கள்ளம் ஒன்றும் இல்லை. மாணவிக்கு நல்லது நடக்கவேண்டும் என்கிற அவசரம்தான்.

"சார், அது வெளிய நிக்கல்ல. நாமதான் அதை உள்ள விடல்ல."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன் இஷ்டம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மார்ச் வந்தது, அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் போட்ட மாலையை முத்தாரம்மாள்தான் வாங்கிக்கொண்டு போனார். துறைத் தலைவர் பதவி, பின்னால் வந்து சேர்ந்து முன்னால் பட்டம் வாங்கிய தங்கையனுக்குப் போயிற்று. தங்கையனை முதலில் வாழ்த்தியவரும் முத்தாரம்மாள்தான். கல்லூரியில் அன்று அவர் சிரித்த முகத்தோடு இருந்தார் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் சந்து முனை வரைக்கும் கேட்டது. அழகியநம்பி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "இன்னைக்குக் குக்கருக்கு நேரம் சரியில்ல" என்றார்.

அதற்கப்புறமும் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. ஆனால் எதற்காகச் சுரண்டுகிறார் என்று அவருக்கே தெரியாத ஒரு காலம் இருந்தது. கேட்டால், "சும்மா, அதைப் பாக்காம இருக்க முடியல்ல" என்பார்.

வழியைக் காட்டியது வெள்ளைச் சட்டைக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முற்றத்தில் நீலம் போட்ட வேட்டியை உதறிக்கொண்டிருந்தார் நம்பி. முத்தாரம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வழக்கமான புலம்பலில் இருந்தார். நான் படித்து முடித்த பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"கேட்டேளா, உருண்டையும் ஒண்ணு, சூடும் ஒண்ணு, காத்தும் ஒண்ணு. பின்ன எதுலதான் வித்தியாசம்?"

"நீ எப்பம் பாக்கே?" என்றார் நம்பி, வேட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னத்தை எப்பம் பாக்கேன்?"

"கரியைப் படம் எடுக்கேல்லா. எப்பம் எடுக்கே?"

"உலையில வைக்கதுக்கு முன்ன. எரிஞ்சு முடிஞ்ச பெறவு எடுக்கதுக்குத்தான் ஒண்ணும் மிஞ்சாதே."

"அதான் பாரு. வருஷத் தொடக்கத்திலயும் கடைசியிலயும் மட்டும் ஆபீசுக்குள்ள போனா எங்களுக்கும் ஒண்ணும் ஆப்பிடாது. எல்லாம் ஒழுங்கா இருக்க மாதிரிதான் இருக்கும். ஒருநா திடீர்னு நடுவுல போய் நிக்கணும். அப்பம் தெரியும், ஆரு எங்க இருந்து என்ன செய்யான்னு."

முத்தாரம்மாள் தூணை விட்டு நிமிர்ந்தார். எழுந்து நேராக அவரிடம் போய், அவர் கையிலிருந்த ஈர வேட்டியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது போலும். "விடு, விடு, விடு" என்று கத்தினார் நம்பி. விரல்கள் ஐந்தும் அந்த வெள்ளையில் பதிந்துவிட்டன. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதையும் பாராமல் ஆய்வுக்கூடத்தின் சாவி கேட்டுக் காவல்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் அந்த அம்மாள்.

பாதி எரிந்ததும் உலையிலிருந்து குழாயை வெளியே எடுத்து, காற்றை நிறுத்தி ஆறவைத்தார். இரண்டு கரியையும் அப்படியே செய்தார். கோலப்பனிடம் கொண்டுபோனார். பாதி எரிந்த கரியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கோலப்பனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. முதலில் விளக்கெண்ணெய்க் கரி. உருண்டைகள் சின்னதாகியிருந்தன; சப்பிய மிட்டாய் மாதிரி எல்லாப் பக்கமும் சமமாகக் கரைந்திருந்தன. எதிர்பார்த்ததுதான். பிறகு பஸ் கரியை வைத்தார் கோலப்பன். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒதுங்கி இடம் கொடுத்தார்.

"டீச்சர், இது சின்னதாகவே இல்ல. அதே உருவுதான் நிக்கி. ஆனா..." சொல் கிடைக்காமல் கையைக் குவித்துக் காட்டினார். "உள்ளுக்குள்ள பொள்ளையா இருக்கு."

முத்தாரம்மாள் குனிந்து பார்த்தார். மங்கிய பச்சைத் திரையில் குட்டிக் குட்டி வளையங்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஓடு மட்டும் நின்றுகொண்டிருந்தது, பனங்காயைக் குடைந்து நுங்கை எடுத்துவிட்ட மாதிரி. தீ உள்ளே புகுந்து நடுவைத் தின்றுவிட்டு, வெளி ஓட்டைத் தின்ன முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, பழைய பேப்பர் கொஞ்சம் தாருங்க. தீப்பெட்டியும்" என்றார். என் மனைவி சிவகாமியம்மாள் பதறிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு தாளைக் கசக்கி உருண்டையாக்கினார் முத்தாரம்மாள். இன்னொரு பக்கம் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றி, அதே அளவில் இன்னொரு உருண்டையாக்கினார். இரண்டுக்கும் தீ வைத்தார். கசக்கியது குப்பென்று போய்விட்டது. சுற்றியது புகைந்தது, ஓரம் கறுத்தது, அப்படியே கிடந்தது.

"பாத்தேளா? அளவு ஒண்ணுதான். தாளை எப்பிடி அடுக்கியிருக்குங்கதுதான் சங்கதி. கரியும் தாள் தாளாத்தான் இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாத தாளு. தாளோட முகத்துல தீக்குப் பிடி கிடைக்காது, ஓரத்துலதான் பிடிக்கும். விளக்கெண்ணெய்க் கரி கசக்கின தாளு, எங்க தொட்டாலும் ஓரம். பஸ் கரி வெளிய நீள நீளமா, ஒழுங்கா சுத்தி வச்சிருக்கு. உள்ள மட்டும் துண்டும் துணுக்குமா. ஒரு இடுக்கு கிடைச்சா தீ அதுவழியா உள்ள போயிருது. உள்ளதை முழுக்கத் தின்னுட்டு, ஓட்டுகிட்ட வந்து முழிக்கி."

"அப்பம் ஐயப்பன் வண்டி ஜெயிச்சுதா, தோத்துதா?" என்று கேட்டாள் சிவகாமி.

"எல்லாத்தையும் ஜெயிச்சுட்டு!"

தாம் நினைப்பது சரிதானா என்று அவர் அடுத்துச் செய்து பார்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாதுவான அந்த விளக்கெண்ணெய்க் கரியையே எடுத்து, காற்றே படாமல் அடைத்து, எங்கோ கெஞ்சிக் கடன் வாங்கிய ஒரு பெரிய உலையில் கடும் சூட்டில் கிடத்தினார். காற்றில்லாததால் அது எரியவில்லை. உருண்டையின் அளவும் மாறவில்லை. உள்ளே கசங்கிக் கிடந்த தாள்கள் மட்டும் சூட்டில் மெல்ல நீவி ஒழுங்குபட்டிருக்க வேண்டும். வெளியே எடுத்துப் பழைய சின்ன உலையில் எரித்துப் பார்த்தால், சாது பிடிவாதக்காரியாகிவிட்டாள். "நல்ல பிள்ளையை நானே கெடுத்துட்டேன்" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றையும் எழுதுமுன், வெளிநாட்டு இதழ்களைப் புரட்டிப் பார்க்க நூலகம் போனார். அங்கேதான் அடி விழுந்தது. சில வருஷங்களுக்கு முந்தைய ஓர் இதழில் அதே வளையங்கள். அதே ஓடுகள். தொழிற்சாலையில் செய்கிற கரியில் வேறு யாரோ பார்த்து, படம் பிடித்து, அச்சிட்டும் விட்டார்கள்.

இதை எங்களுக்குச் சொன்னவர் அழகியநம்பி. "இத்தனை வருஷம் அண்ணாச்சி! அவளை நான் எப்பிடிச் சமாதானப்படுத்த?" நாங்கள் மூவரும் துக்க வீட்டுக்குப் போவதுபோல அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தோம். முத்தாரம்மாள் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்.

"நூலகத்துல சத்தமா சிரிச்சிட்டேன். அந்த லைப்ரேரியன் பிள்ளை வந்து, 'சேச்சி, இறங்கிப் போய்ச் சிரிங்க'ன்னுட்டு. வெளிய போய்ச் சிரிச்சேன்."

"முத்து, அவங்கதான் முந்திட்டாங்களே" என்றார் நம்பி மெதுவாக.

"முந்தட்டுமே. நான் பாத்தது என் கண்ணுக் கோளாறோன்னு ஒரு பயம் இருந்துது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், என்னைத் தெரியாதவர், அதையேல்லா பாத்திருக்காரு? கோளாறு இல்லன்னு ஆச்சே." பிறகு கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் நிதானமாகச் சொன்னார்: "ஓடு அவங்களது. வேல்சாமி அடுப்பும், கற்பூரத் தட்டும், ஐயப்பன் வண்டியும் ஏன் வேற வேற வேகத்துல எரியுதுன்னு வரிசைப்படுத்தினது என்னது. அதை ஆரும் செய்யல்ல. அது போதும் எனக்கு."

கேசரியில் சர்க்கரை இரண்டு முறை விழுந்திருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

ஆராய்ச்சியைப் புதிதாக எழுதினார். அதில் ஒரு சங்கடம் இருந்தது. உருண்டையின் அளவுதான் எல்லாம் என்று முன்பு அச்சில் சொன்னது தவறு என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டுரையில் பேராசிரியர் பெயரும் இருக்கிறது. வழிகாட்டியாகக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான். ஓய்வு பெற்ற ஒரு மனிதரின் வீட்டுக்குப் போய், நீங்கள் பெருமையாக வைத்திருக்கும் இதழில் இருப்பது பிழை என்று எப்படிச் சொல்வது? மறைத்து எழுதவும் கை வரவில்லை. பல நாள் தள்ளிப்போட்டார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கடைசியில், "அண்ணாச்சி, துணைக்கு வாறியளா? அவுகளை ஆபீசுக்கு லீவு போடச் சொன்னா மேலதிகாரி சம்மதிக்கமாட்டாரு" என்றார். போனேன்.

கரமனையில் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. மாலை வெயில் வராந்தாவில் விழுந்துகிடந்தது. பகவதிப்பெருமாள் சார் இளைத்திருந்தார். நாங்கள் கொண்டுபோன தாள்கட்டைப் பிரித்து முதல் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டார். முத்தாரம்மாள் நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேலியோரத்துச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கங்களைத் திருப்புகிற சத்தம் கேட்டது. ஓரிடத்தில் அது நின்றது.

"'முன்பு நான் எழுதியது தவறு'" என்று வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காகத் தமிழில் சொன்னாரோ, தமக்காகவோ. "இதென்ன முத்தாரம்மா?"

"சார்..."

"இதை நீ மட்டுமா எழுதின?"

"சார் பேரு இதுல வேண்டாம்னு நெனைச்சேன்."

"கட்டுரையில என் பேரு முன்னால இருந்துதே. அப்பம் வேண்டாம்னு நான் சொன்னேனா?" குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது எதன்மேல் என்று அடுத்த வார்த்தையில் தெரிந்துவிட்டது. "பஸ் கரியை எடுத்துருன்னு ஒங்கிட்டச் சொன்னவன் நான். நீ எடுக்கல்ல. தப்புல பாதியாவது எனக்குத் தா, கேட்டியா. எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எப்பிடி?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த வரியில் 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற ஒற்றை எழுத்தின்மேல் ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே 'நாங்கள்' என்று பொருள்படும் சொல்லை எழுதினார். அந்தத் தாளை முத்தாரம்மாள் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

முத்தாரம்மாள் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், ஈரம் காயாத அந்தச் சொல்லின்மேல் மெல்ல ஊதினார்.